மூன்று கால்களுக்கு மட்டும்

செவ்வாய், மதியம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நாயும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இங்கே மூவரில் இருவர் பழையபடி இருக்கிறோம் என்பது மட்டும்தான் இப்போதைக்கு உறுதி. நம் நாய் மேனேஜரின் வலது பின்னங்காலில் இருக்கும் கட்டியிலிருந்து இன்று காலை ஊசியால் உறிஞ்சி எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எடுத்தது நாய் டாக்டரம்மா, எனக்குச் சொன்னதும் அவரே. தொட்டுப் பார்த்து எதையும் சொல்ல மாட்டேன், வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், வியாழக்கிழமை மாலை தெரியும் என்றார். இன்னொன்று, நேற்று மாலை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து எழுத்தில் பதில் வந்துவிட்டது. மேனேஜருக்குப் பாலிசி தருகிறார்கள். வலது பின்னங்காலும், அந்தக் கட்டியால் வரக்கூடிய எதுவும் அதில் சேராது. மீதி நாய்க்கு உண்டு.

இதைப் படித்ததும் நீ போனை எடுப்பாய், எடுக்காதே, முழுவதும் படித்துவிடு. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால்தான் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். சனிக்கிழமை நீ சொன்னது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. "அம்மா, இன்னைக்கே பாலிசி எடுத்துடு, பணம் நான் கட்டுறேன். டாக்டர்கிட்ட அடுத்த மாசம் போய்க்கலாம். இதுவரைக்கும் எந்த டாக்டரும் பாக்கல, அப்ப அப்படி ஒரு கட்டியே இல்லன்னுதான் அர்த்தம். தயவுசெஞ்சு யார்கிட்டயும் வாயத் திறக்காதே" என்றாய். எட்டு வயது தாண்டிய நாயைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள், அவனுக்கு ஏழு முடியப்போகிறது, இந்த வருடம் விட்டால் இல்லை என்றும் சொன்னாய். தகவல் எல்லாம் சரிதான், நானும் பார்த்துக்கொண்டேன். நான் "பாக்கறேன்" என்றேன், நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய். இந்த வீட்டில் வளர்ந்தவள், நான் பார்க்கிறேன் என்றால் உண்மையாகவே பார்த்துவிடுவேன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ போனை வைத்ததும் நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் செய்த வேலை அது, யாரைப் பற்றி நாலு வரி எழுதினாலும் அவர்களைக் கூப்பிட்டு உங்கள் தரப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்காமல் எழுதியதில்லை, கை தானாகப் போய்விட்டது. எடுத்தவள் சின்னப் பெண், சுறுசுறுப்பான குரல். நாயின் பெயரைக் கேட்டாள். மேனேஜர் என்றேன். "மேனேஜர் இன்னைக்கு லீவு மேடம், எங்கிட்டயே சொல்லுங்க, நானே பண்ணித் தர்றேன்" என்றாள். அதைத் தீர்த்துவைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் அவர்கள் விதிமுறையில் புரியாத இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன், பாலிசி எடுக்கும் முன்பே நாய்க்கு ஒரு கட்டி இருந்தால், அதை டாக்டர் யாரும் பார்த்திருக்காவிட்டால், உங்கள் தரப்பு என்ன என்று கேட்டேன். பிறகு, "மேடம், நீங்க சும்மா கேக்குறீங்களா, இல்ல இருக்கா?" என்றாள். நேரான கேள்வி. இருக்கிறது, வலது பின்னங்கால், உள்பக்கம், சட்டைப் பொத்தான் அளவு, முதலில் பார்த்தவர் என் கணவர் என்று சொன்னேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "ஐயோ மேடம், இந்தப் பேச்செல்லாம் ரெக்கார்ட் ஆகுது. ஏன் மேடம் சொன்னீங்க?" என்றாள். பாவம், என் பக்கம் நின்றுதான் கேட்டாள். என்னிடம் எத்தனை பேர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கடைசியில் இதை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று கேட்டிருப்பார்கள், சொல்வதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு என் பதில். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். இதை நேர்மை கீர்மை என்று நினைத்துப் பெருமைப்படாதே, கோபமும் படாதே. பழக்கம், அவ்வளவுதான்.

உன் அத்தை ஞாயிற்றுக்கிழமை முட்டிவலி எண்ணெயோடு வந்து உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாய்க்கு இன்சூரன்ஸா? என் முட்டிக்கே எவனும் தர மாட்டேங்கிறான்" என்றாள். நேற்று பதில் வந்ததைப் போனில் படித்துக் காட்டினேன். "அப்ப மூணு காலுக்கு அவங்க பொறுப்பு, நாலாவது காலுக்கு நீ பொறுப்பாக்கும். நடக்கும்போது எந்தக் கால் எங்க போகுதுன்னு யாரு பாக்கறது அண்ணி?" என்று அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காசை மாதாமாதம் ஒரு டப்பாவில் போட்டுவை, நாய்க்கு வந்தால் நாய்க்கு, எனக்கு வந்தால் எனக்கு என்பது அவள் யோசனை. குழாய் ரிப்பேர்க்காரர் இரண்டாம் முறை வந்து போனார், சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அடியில் கிண்ணம் வைத்திருக்கிறேன். மாடியில் குடியிருப்பவர்கள் மகனுக்குத் தபேலா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி செய்தி இல்லை.

கட்டியைக் கண்டுபிடித்த விதத்தை நான் உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை, குளிப்பாட்டும்போது தெரிந்தது என்று மட்டும் சொன்னேன். தெரிந்தது எனக்கல்ல, அப்பாவுக்கு. போன வியாழக்கிழமை குளியலறை வாசலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மேனேஜரை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, இடது கையால் துண்டு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கைதான் பக்கவாதம் வந்த நாளிலிருந்து மடியில் கிடக்கிறதே. லேத் பட்டறையில் போர்மேனாக இருந்த காலத்தில் இரும்பில் பிசிறு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டார், விரலால் ஒரு முறை வழித்துவிட்டுச் சொல்வார், அந்த மாதிரித்தான் பின்னங்காலை வழித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் விரலை அங்கே வைத்து, "கட்டி" என்றார். ஆமா, இல்ல, நாயைக் கூப்பிட ஒரு வா, இந்த மூன்றுக்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வராமல் எத்தனை மாதம் என்று உனக்கே தெரியும். சனிக்கிழமை நீ வழக்கம்போல அப்பா ஏதாவது பேசினாரா என்று கேட்டாய், நான் இல்லை என்றேன். நான் மட்டும் கேட்டது, ஒரே ஒரு முறை. அவர் சொன்ன மறுநாள் மேனேஜரை அவர் பக்கத்தில் நிறுத்தி, என்ன இருக்கிறது இங்கே என்று இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்தேன், ஆமா என்றார். எனக்கே தப்பாகக் கேட்டிருக்கலாம், வேண்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு எது வேண்டுமானாலும் காதில் விழும். இன்னொருவர் கேட்கும் வரை அது செய்தி இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

இன்று காலை அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், அவர் சங்கிலியை விடவில்லை, மேனேஜரும் அவர் இல்லாமல் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர், மனிதர்களோடு பேச்சுக் குறைவு, நாய்களை மட்டும் வாங்க போங்க என்கிறார். "வாங்க மேனேஜர் சார், எப்படி இருக்கீங்க, உங்க ஸ்டாஃப் ரெண்டு பேரும் வந்திருக்காங்களா" என்று அவனைத் தூக்கி இரும்பு மேசையில் நிறுத்தினார். எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையில் சாய்ந்துகொண்டு, அந்தக் காலில் விரலை வைத்து, "கட்டி" என்றார். டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா சார், கட்டிதான். கரெக்டா காட்டினீங்க" என்று ஊசியை எடுத்தார். அவர் வேலை முடிந்ததும் நான் கேட்டேன், இப்போது என் கணவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "கட்டின்னார். ஏன், வேற எங்கயாவது இருக்கா?" என்றார். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் தெரியாது. ஆகவே இது உறுதி. அப்பா ஒரு புதிய சொல் பேசுகிறார், இரண்டு முறை, இடத்தோடு பொருந்த. கேட்டவர்கள் இருவர். பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணிடம் நாளைக்குச் சொல்வேன். நீ அழுவாய் என்று நினைக்கிறேன், அழு. எனக்கு இது சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று தெரிகிறது. தெரிகிறது, அதோடு நிற்கிறது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது, இருப்பது தெரியும், கடித்தால் தெரியாது. வந்ததும் டீ போட்டேன், சர்க்கரை போட்டேனா என்று குடித்து முடித்தும் தெரியவில்லை.

பாலிசியைப் பற்றி இனி என்ன என்றுதான் கேட்பாய். நீ ஏன் அவ்வளவு அவசரப்பட்டாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை, அங்கிருந்து மாதாமாதம் உன்னால் செய்யக்கூடியது என்று ஒன்று கிடைத்தது, அதை நான் ஒரு போனில் பாதியாக்கிவிட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கால் ஒண்ணுதான் நாயா? வயிறு, காது, பல்லு எல்லாம் இருக்கே, ஏழு வயசுக்கு மேல எதுவும் வரும். ஆனா இது கெட்ட கட்டியா இருந்தா ஆபரேஷன் உடனே பண்ணணும், அப்ப கையில இருக்கிறத பாலிசில போட்டுட்டு நிக்காதீங்க" என்றார். கம்பெனிப் பெண்ணையும் இன்று திரும்பக் கூப்பிட்டேன், வெறும் கொழுப்பு என்று லேப் சொன்னால் அந்தத் தாளை அனுப்புங்கள், காலையும் சேர்த்துவிடுவோம் என்றாள். அதை எழுத்தில் தா என்றேன், வந்துவிட்டது. அப்பாவிடமும் கேட்டேன். எடுக்கலாமா என்றேன், ஆமா என்றார். வேண்டாமா என்றேன், அதற்கும் ஆமா. அதை அவர் கருத்து என்று போட முடியாது. ஆகவே என் முடிவு இது, கொழுப்பு என்றால் வெள்ளிக்கிழமை நாலு காலுக்கும் எடுத்துவிடுவோம், நீயே கட்டு. வேறு என்றால் பாலிசி வேண்டாம், நீ அதற்கு வைத்திருப்பதை ஆபரேஷனுக்கு அனுப்பு, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சொல்லப் போனால் நான் பார்த்துக்கொண்டிருப்பது நாயின் கால் மட்டுமில்லை. மாலையானால் அப்பா சங்கிலியை இடது கையில் சுற்றிக்கொண்டு அவனோடு தெருமுனை வரை போகிறார். அவன் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நிற்கிறான், அப்பாவுக்கு மூச்சு வாங்க அதுதான் நேரம். நான் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டார். பிசியோதெரபிப் பெண், "என் வேலைய மேனேஜர்தான் பாக்குறார், சம்பளத்துல பாதி அவருக்குத்தான் குடுக்கணும்" என்பாள். ஆபரேஷன் என்றாலே அவனைப் பல வாரம் நடக்க விட மாட்டார்களாம். அதற்கும் மேல் ஏதாவது என்றால், மாலையில் அப்பா செருப்பைத் தேட ஒரு காரணமும் இருக்காது. ரெண்டே மாசம் பாத்துக்கோங்க, அப்புறம் கூட்டிட்டுப் போயிடுறேன் என்று நீ ஆபீஸ் வாசலில் பொறுக்கிக் கொண்டுவந்து எங்களிடம் விட்ட குட்டி அவன், தின்றதும் தூங்குகிறான், யாராவது வேலை செய்தால் பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறான் என்று அப்பா வைத்த பெயர்தான் மேனேஜர். அந்தப் பெயரையும் அப்பா இப்போது சொல்வதில்லை, வா என்பதோடு சரி. அவனும் வந்துவிடுகிறான்.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள், நோய்நொடி இல்லாமல் இருங்கள், வேலை முடிந்து வந்தால் ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் இருவரும் வேறென்ன ஆசீர்வாதம் செய்ய. உன் கடைவாய்ப் பல்லைப் போய்க் காட்டு, உனக்கு முழுசாக இன்சூரன்ஸ் இருக்கிறது, எந்தப் பல்லையும் விட்டுவிடவில்லை. வியாழக்கிழமை மாலைக்கு முன் போன் செய்யாதே, உன்னிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது, குரல் மட்டும்தான் இருக்கும், அதை வைத்து நீ எதையாவது நினைத்துக்கொள்வாய். அப்பாவோடு பேச வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் செய், போனை அவர் காதில் வைக்கிறேன், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லிக் கேட்காதே.

இனி வர வேண்டியவை: லேப் முடிவு வியாழன் மாலை. கம்பெனிக்கு நம் பதில் வெள்ளி மதியத்துக்குள். அப்பாவின் அடுத்த சொல், அதற்கு யாரும் நாள் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் அம்மா