குகையில் சிக்கிய சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவைக் கேட்டால் "நல்லாத்தான் நடக்கிறார்" என்கிறாள். நீங்களே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரித் தோழிகளோடு மலையேறினேன். நான்கு மணி நேர ஏற்றத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. மேலே ஒரு குகை. பயப்படாதீர்கள், வழிகாட்டி இருந்தார். ஓரிடத்தில் படுத்து ஊர்ந்துதான் போக வேண்டும். பாதியில் என் இடுப்பு சிக்கிக்கொண்டது.

"மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு நகரும்மா," என்றார் வழிகாட்டி. அப்போதும் நகரவில்லை.

பின்னால் வந்த மருந்தகத்து அக்கா, "பாக்கெட்ல என்னடி வச்சிருக்கே?" என்றார்.

"வீட்டுச் சாவிக்கா."

"ஹாஸ்டலுக்கு ஏதுடி அவ்வளவு பெரிய சாவி?"

"ஊர்ல எங்க வீட்டுச் சாவி."

அவர் சிரித்த சிரிப்பில் குகையே அதிர்ந்தது. ஒற்றைக் கையால் எப்படியோ அதை உருவி முன்னால் எறிந்தேன். அது விழுந்த சத்தத்தை நோக்கி ஊர்ந்து, அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. ஆனால் ஆறு மாதமாக வராத தூக்கம் அன்றிரவு வந்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம். முடித்துவிட்டுத்தான் வருவேன்.

வாசல் பூட்டு இறுகுகிறது, மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. குகையில் வளைந்த சாவியை நேற்றுதான் தட்டி நிமிர்த்தி வாங்கினேன். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சமாளியுங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

வந்து நானே திறக்கிறேன்.

உங்கள் மகள்