பாலத்து முனையில் ஒருவர் விட்டு ஒருவர்

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனைக்கு நானூறு படுக்கை விரிப்பு, அறுபது திரை. வெளுத்து, மடித்து, மூட்டை கட்டி ஏற்றியாகிவிட்டது. லாரிதான் நகரவில்லை. பாலத்தில் ஓரத் தடத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடத்தில் வருகிற வண்டியெல்லாம் ஒரே தடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். நாற்பது நிமிடம் ஆயிற்று. என்னோடு மூட்டை இறக்க வருகிறவருக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தவே தெரியாது. அந்த நாற்பது நிமிடத்தில் அவர் மச்சான் வீட்டுத் தகராறு முழுவதையும் கேட்டு முடித்தேன்.

சாயங்காலம் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். சாலைத் துறையில் சேர்ந்து ஒன்றரை வருடம். இதுவரை கோப்புக்கு எண் போடுகிற வேலைதான். இப்போது அதே பாலத்து நெரிசலை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தடத்திலும் முனை வரை வரலாம், முனையில் இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி என்று மாறி மாறி நுழைய வேண்டும் - இதுதான் அவள் யோசனை. போலீஸ் வேண்டாம், கயிறு வேண்டாம், ஒரு பலகை போதுமாம்.

"மூணு வாரம் டைம் குடுத்திருக்காங்கப்பா. வரிசை குறையலைன்னா பலகையைக் கழட்டிட்டு பழைய சீட்டுக்கே போன்னு மேலதிகாரி சொல்லிட்டார்."

"நம்ம ஆளுங்களா? மாறி மாறியா? லிஃப்ட்ல ஏறவே முட்டிக்கிறாங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "நீ சொன்னா கேப்பாங்கம்மா" என்று ஒட்டுப் போட்டேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனின் பெண் கையில் ஒரு பாலம்! சட்டைப் பட்டன் தெறிக்காததுதான் குறை.

மார்ச் 10, திங்கள்

பலகை வந்துவிட்டது. மஞ்சளில் கறுப்பு எழுத்து. "முனை வரை இரு தடங்களிலும் வருக. முனையில் ஒருவர் விட்டு ஒருவர்."

"நம்ம பொண்ணு எழுதினது" என்றேன் ரேடியோவிடம்.

"கையெழுத்து அழகா இருக்குண்ணே."

அச்சு எழுத்து அது. இருக்கட்டும், பாராட்டு பாராட்டுதான்.

மார்ச் 11, செவ்வாய்

யாரும் பலகையைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. நான் நான்கு தடவை படித்தேன்.

மார்ச் 12, புதன்

பெட்ரோல் பங்க்கிலிருந்தே எல்லோரும் நடுத் தடத்தில் ஒழுங்காக நிற்கிறார்கள். சில பேர் மட்டும் காலியாகக் கிடக்கிற ஓரத் தடத்தில் சர்ரென்று முனை வரை போய் மூக்கை நுழைக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண் மெனக்கெட்டு ஒழுங்கு பண்ணி வைத்தால் இவர்கள் குறுக்கே புகுந்து தின்பதா? பலகையில் "இரு தடங்களிலும்" என்று இருப்பது தெரியும். ஆனால் அது ஆபீஸில் உட்கார்ந்து எழுதியது. இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தெரியாதா நம் ஆட்களை?

லாரியை இரண்டு தடத்துக்கும் நடுவில், கோட்டின் மேலேயே ஊர விட்டேன். பின்னால் ஒரே ஹாரன். பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரர் கட்டை விரலைத் தூக்கினார். "சூப்பர்ண்ணே! அப்படியே போங்க, ஒருத்தனையும் விடாதீங்க!"

வீட்டில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் அது உதவியா?

மார்ச் 14, வெள்ளி

மூன்றாம் நாள் காவல். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறேன். முதுகு வலிகூட இல்லை.

மகள்தான் சரியாகச் சாப்பிடவில்லை. வரிசை குறைவதற்குப் பதில் கூடிவிட்டதாம். பள்ளிக்கூட முக்கு வரை நிற்கிறதாம். "கொஞ்சம் பொறும்மா. நல்ல டிரைவரும் ரோட்ல இருக்கான்" என்றேன். என்னைத்தான் சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

இன்றும் ஒரு பயல் நுழையவில்லை.

மார்ச் 19, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மகள் போனை மேஜை மேல் வைத்தாள். சாலைக்கு மேலே இருக்கிற நடைபாலத்திலிருந்து எடுத்த படம்.

"இந்த ஒரு லாரியைப் பாருங்கப்பா. தினமும் ஏழே முக்காலுக்கு வருது. ரெண்டு தடத்தையும் அடைச்சுக்கிட்டு ஆடி அசைஞ்சு போகுது. இதுக்கு முன்னாடி தடம் காலியா கிடக்கு, பின்னாடி பள்ளிக்கூடம் வரைக்கும் நிக்குது. இது போன பிறகும் அந்தத் தடத்துக்கு வர எல்லாரும் பயப்படறாங்க. இந்த ஒரு ஆளாலதான் நான் பழைய சீட்டுக்குப் போகப் போறேன். எந்த கம்பெனி வண்டின்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேலிருந்து பார்த்தால் தார்ப்பாய் மட்டும்தான் தெரிகிறது. தார்ப்பாயில் நீலமாக ஒரு ஒட்டு. போட்டவன் நான்தான்.

"தெரியலையேம்மா. எத்தனையோ வண்டி ஓடுது." ஐம்பத்திரண்டு வயதில், பெற்ற பிள்ளையிடம்.

வீட்டுக்காரி தட்டை எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க... அந்த நீலம் என் மழைக்கோட்டு இல்ல? போன மழைக்கு வீடு பூரா தேடினேனே. பாக்கவே இல்லைன்னு சொன்னீங்களே!"

இரண்டு பொய்யும் ஒரே ஒட்டில் பிடிபட்டன.

மகள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஆறு நாளா மேலே நின்னு நான் திட்டினது உங்களையாப்பா?"

"உன் பலகைக்குக் காவல் இருந்தேம்மா. குறுக்கே பாயறவனைத் தடுக்கணும்னு..."

"அவங்கதான்பா பலகையைப் படிச்சு அதன்படி வந்தவங்க."

எழுந்து உள்ளே போய்விட்டாள். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! உதவியாம் உதவி. இனி ஏழு வேலை நாள்தான் இருக்கிறது அவளுக்கு.

மார்ச் 20, வியாழன்

ஓரத் தடத்தில் போனேன். அத்தனை பேர் நிற்க, காலித் தடத்தில் நான் மட்டும். காது மடல் சுட்டது. அதே டாக்ஸிக்காரர் தலையை நீட்டி, "யோவ்! நீயுமாய்யா?" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். ரேடியோ செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தவர், பாலம் தாண்டும்வரை நிமிரவில்லை.

முனையில் யாரும் விடவில்லை. ஏழு வண்டி உரசிக்கொண்டு போயிற்று. எட்டாவது ஒரு சின்னக் கார். ஓட்டி வந்த அம்மா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நின்றார். கையெடுத்துக் கும்பிடாத குறையாக நுழைந்தேன்.

ஒரு ஆள் போதாது. பெரிய வண்டிகள் வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

மருத்துவமனைப் பின்வாசலில் சரக்கு இறக்குகிற டிரைவர்கள் என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். எல்லோருக்கும் அந்தப் பாலம்தான் வழி. டீ குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன், மழைக்கோட்டு உட்பட.

ஆக்சிஜன் லாரிக்காரருக்குச் சிரித்தே புரையேறிவிட்டது. "நீதானா அது? நான் ஏதோ பிரேக் டவுன் வண்டின்னு பாவப்பட்டேன்யா!"

ரொட்டி வேன்காரர் மசியவில்லை. "ஒருத்தனை விட்டா அவன் வாலைப் பிடிச்சுக்கிட்டு பத்து பேர் வருவான்."

"நீ ஒருத்தனை மட்டும் விடு. அடுத்தவனை உன் பின்னாடி வர்றவன் விடட்டும். உன் கடமை ஒரே ஒரு வண்டிதான்."

"பொண்ணு சொல்லிக் குடுத்தாளா?"

"ஆமா. நல்லா உறைக்கிற மாதிரி."

ஒத்துக்கொண்டார்கள். என் மேல் மரியாதையால் இல்லை. ஒரு மாதத்துக்குக் கேலி பண்ண ஆள் கிடைத்த சந்தோஷம்.

மார்ச் 24, திங்கள்

ஆறு பேர் ஓரத் தடம், ஐந்து பேர் நடுத் தடம். முன்கூட்டியே பிரித்துக்கொண்டோம். முனையில் ஆக்சிஜன் லாரி அவ்வளவு பெரிய உடம்போடு நின்று ஒரு ஸ்கூட்டருக்கு வழி விட்டது. பின்னால் வந்தவர்களுக்கு அதைப் பார்த்து வெட்கம் போல - அவர்களும் விட்டார்கள். ஓரத் தடத்தில் என் பின்னாலேயே கார்கள் வந்தன. ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மகள் இன்னும் "சாப்பிட்டீங்களா"வைத் தாண்டிப் பேசவில்லை. நானும் லாரிக்காரர்கள் சங்கதியைச் சொல்லவில்லை. மேலிருந்து அவளே பார்க்கட்டும்.

மார்ச் 26, புதன்

இன்று என் முறை நடுத் தடம். முனையில் எனக்குப் பக்கத்தில் ஓரத் தடத்தில் யார்? அந்த டாக்ஸிக்காரரேதான். நின்று வழி விட்டேன். என்னைப் பார்க்காத மாதிரி நுழைந்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒரு கை வந்து ஆடிவிட்டுப் போயிற்று.

மார்ச் 28, வெள்ளி

வரிசை பாதியாகிவிட்டது. பெட்ரோல் பங்க்கைக்கூட எட்டவில்லை. பலகை அங்கேயே இருக்கும். சந்தைப் பக்கத்துச் சாலையையும் அவளிடமே கொடுத்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வரி: "முதல் இரு வாரங்களில் லாரி ஒன்று இரு தடங்களையும் மறித்ததால் பலன் கிட்டவில்லை. பின்னர் அதே லாரியின் ஓட்டுநர் பிற சரக்கு வண்டி ஓட்டுநர்களை ஒருங்கிணைத்ததே முன்னேற்றத்துக்கு முக்கியக் காரணம்."

"யார் சொன்னது உனக்கு?"

"ரேடியோ மாமாகிட்ட ஒரு விஷயம் போனா ஊருக்கே தெரியாதாப்பா?"

அரசாங்கக் காகிதத்தில் நான் ஏறியிருக்கிறேன். முதல் பாதி திட்டு, அடுத்த பாதி பாராட்டு. பெயர் போடவில்லை. அவளுக்கு இரக்கம் உண்டு, அம்மா மாதிரி. அம்மாவுக்குப் புது மழைக்கோட்டு இன்னும் பாக்கி.

ஏப்ரல் 4, வெள்ளி

லீவு போட்டேன். மகளோடு நடைபாலத்தில் ஏறி நின்றேன். இத்தனை வருஷம் ஓட்டிய சாலையை மேலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பஸ், கார், வேன், மறுபடி கார். யாரும் யாரையும் திட்டவில்லை.

எண்ணுகிற கருவி இரண்டு வைத்திருந்தாள், பட்டனை அழுத்தினால் எண் ஏறும். முறையாக நுழைகிற வண்டிக்கு அவள் கையில் ஒன்று. முறை தவறுகிற வண்டிக்கு இன்னொன்று, அதை என்னிடம் நீட்டினாள்.

"இது நீங்க. இந்த விஷயத்துல உங்களுக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி."

ஏழரை முதல் எட்டரை வரை விரலைப் பட்டன் மேலேயே தயாராக வைத்திருந்தேன். மூன்று தடவைதான் அழுத்தினேன். பக்கத்தில் அவள் விரல் ஓயவே இல்லை.