நாலு பித்தளைத் தொப்பி

14-8-63, புதன்

வேனில் போகிற சாணார்பட்டிக் கிராமச் சுற்று இன்றும் பாதியில் நின்றது. டிஸ்பென்சரி நர்சுக்கு மனுஷ வைத்தியம் தெரிந்தால் போதும் என்று இருந்தேன். இனி மோட்டார் வைத்தியமும் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

டிரைவர் அருளப்பன் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வேனில் இருந்த பழைய மாக்னெட்டோவைக் கழற்றிவிட்டு பாட்டரி, காயில் எல்லாம் புதிதாக மாட்டியாயிற்று. எஞ்சினைப் பற்றவைக்கும் பொறி நன்றாக வருகிறது. ஆனால் அந்தப் பொறியைக் கொண்டுபோகிற நாலு ஒயரின் நுனியிலும் இருந்து, எஞ்சினில் செருகிய பிளக்கின் தலையைக் கவ்விப் பிடிக்கிற பித்தளைத் தொப்பி இல்லை. சீமைச் சாமானாம், இப்போது வருவதில்லையாம். வெறும் ஒயரைச் சுற்றி வைத்திருக்கிறான். பள்ளத்தில் இறங்கினால் கழன்றுவிடுகிறது. அந்த ரோட்டில் பள்ளம் இல்லாத இடம் எது?

விரல் நுனி அளவுச் சாமானுக்காக இம்புட்டுப் பெரிய வண்டி நிற்குமா?

19-8-63, திங்கள்

டிஸ்பென்சரியை நடத்துகிற மடத்து மதர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அக்டோபருக்குள் வேன் ஒழுங்காக ஓடாவிட்டால் விற்றுவிடுவார்கள். கிராமச் சுற்று நின்றுவிடும். என்னைத் திரும்பவும் கட்டுப் போடும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் கவலையெல்லாம் பிள்ளைத்தாச்சி பெருமாயிதான். சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீடு. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது, கார்த்திகைக்கு முன்னால் பிறக்கும். "வலி எடுத்ததும் ஆள் அனுப்பு, வேனோடு வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

27-8-63, செவ்வாய்

மதுரை. ஏழு கடை. ஒருவர் லாரிச் சாமானைக் காட்டினார், ஒருவர் சைக்கிள் டைனமோச் சாமானைக் காட்டினார். ஒருவர், "பழசையே மாட்டிக்கங்கம்மா" என்றார். பழசு இருந்தால் நான் ஏன் பஸ் ஏறி வருகிறேன்? கூட வந்த அருளப்பன் வடை மட்டும் தின்றான்.

3-9-63, செவ்வாய்

கோயம்புத்தூரில் இருந்து சித்தப்பா மகன் கடிதம். அங்கேயும் இல்லை.

9-9-63, திங்கள்

மருந்து பீரோவின் பூட்டு மக்கர் செய்தது. பேகம்பூரில் சேக் பரீதுவின் பூட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே பித்தளையை அரம் போட்டு இழைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்: "பாய், இதே பித்தளையில் ஒரு தொப்பி செய்ய முடியுமா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். விவரம் சொன்னேன். "ஒயரு, பிளக்கு எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். நாலும் நாலு கம்பெனிப் பிளக்கு, கிடைத்ததை வாங்கி மாட்டியது.

16-9-63, திங்கள்

ஓடுகிறது! சேக் பரீதே வந்து மாட்டிக் கொடுத்தார். சொடக்குப் போட்ட மாதிரி ஒவ்வொன்றும் போய் உட்கார்ந்தது. சாணார்பட்டி வரை போய் வந்தோம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பெருமாயி சிரித்தாள்.

30-9-63, திங்கள்

மறுபடி நின்றது. மூன்று தொப்பி கழன்று தொங்குகிறது. ஏன்?

8-10-63, செவ்வாய்

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருளப்பன் சனிக்கிழமைதோறும் பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்கிறான். துடைத்தால் வண்டி படுத்துக்கொள்கிறது. சரி, துடைக்காதே என்று சொல்லலாம் என்றால், போன சனிக்கிழமை துடைத்த பிறகு நேற்று ஓரளவு ஓடியதே? நோயாளி இப்படிச் செய்தால் பாசாங்கு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். வண்டியை எங்கே அனுப்புவது?

அருளப்பன் குழந்தை மேல் சத்தியம் செய்கிறான், தான் ஒன்றும் செய்யவில்லை என்று. நம்பவா வேண்டாமா?

14-10-63, திங்கள்

வேன் போய்விட்டது. தோல் மண்டி வைத்திருக்கும் கிதர் முகம்மது ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வாராம். மதர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பெருமாயிக்கு என்னன்னு சொல்லி அனுப்ப? 

16-10-63, புதன்

சண்டை போடத்தான் சேக் பரீதிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. கேட்டுவிட்டு, "பிளக்கை மாத்தி மாட்டியிருப்பாக" என்றார்.

"மாத்தினா என்ன பாய்? எல்லாம் பிளக்குதானே?"

"ஒவ்வொரு பிளக்குத் தலைக்கும் தனித்தனியா அளவு எடுத்து இழைச்சேன். தொப்பியிலயும் கீறல் போட்டிருக்கு, பிளக்குலயும் போட்டிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பாக்கலையா?"

கரி பிடித்ததில் எங்கே பார்ப்பது? அருளப்பன் கழுவிவிட்டுக் கைக்கு வந்தபடி மாட்டியிருக்கிறான்; சேர்ந்த வாரம் ஓடியது, சேராத வாரம் நின்றது. நாலையும் ஒரே மாதிரி செய்திருக்கலாமே என்று கேட்டேன். அவருக்கு அதுதான் புரியவில்லை. "ஒண்ணுக்குச் செஞ்சது இன்னொண்ணுல சேந்துச்சுன்னா அந்தப் பூட்டை எவம்மா வாங்குவான்?"

முப்பது வருஷமாக, ஒன்றின் சாவி இன்னொன்றில் சேரக் கூடாது என்றே பூட்டுச் செய்கிற மனுஷர். அவரிடம் போய் நாலு தொப்பி கேட்டிருக்கிறேன். சிரிப்புத்தான் வந்தது. வெளியே வந்ததும் அழுகை வந்தது. தெரிந்து என்ன பிரயோசனம், வண்டி தோல் மண்டியில் நிற்கிறது.

18-10-63, வெள்ளி

கிதர் முகம்மது டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார். மரியாதையாக நின்று கேட்டார்: "நர்சம்மா, வண்டி விட்டு விட்டு ஓடுது. அம்புட்டு நாள் அதுல போனவுக நீங்க. என்ன கோளாறுன்னு தெரியுமா?"

"தெரியலை பாய்" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா, வாய் தானாகச் சொன்னதா? நல்ல மனுஷர். என்னை நம்பித்தானே கேட்டார்?

21-10-63, திங்கள்

கிதர் முகம்மது வண்டி வேண்டாம் என்று கொண்டுவந்து விட்டுவிட்டார். "இதை இனி யாரும் வாங்க மாட்டாங்க, புஷ்பமேரி. ஓடுற மட்டும் ஓட்டு" என்றார் மதர். அருளப்பனும் நானும் கரியைச் சுரண்டிக் கீறலைப் பார்த்துப் பார்த்து மாட்டினோம். கைப்பிடியைச் சுற்றிய முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சந்தோஷமாக இருக்கிறது. தோல் மண்டித் தெருவை மட்டும் சுற்றிப் போகச் சொன்னேன்.

5-11-63, செவ்வாய்

பெருமாயிக்குப் பெண் குழந்தை. குறுக்கே கிடந்தது; பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அரை மணி பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் டாக்டரம்மா. வழியெல்லாம் மழை. வண்டி நிற்கவே இல்லை.

9-11-63, சனி

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டது. கிதர் முகம்மதுவிடம் பொய் சொன்னதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அதுக்காக மனசு வருந்தி மனஸ்தாபப்படுறியாம்மா?" என்று கேட்டார் சாமியார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "இல்லை சாமி" என்றேன்.

அப்படியானால் மன்னிப்புக் கொடுக்க முடியாது என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். நாளைப் பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்க எழுந்திருப்பார்கள். மன்னிப்பு இல்லாமல் அதை வாங்கக் கூடாது; நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். மதர் பார்ப்பார். பார்க்கட்டும்.