மசினாவின் மெத்தைக்கு அடியில்

ஜூன் 11, வியாழன்
மகள் மசினாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு நான்கு நாள். இந்த வருஷத்தில் மூன்றாவது தடவை. டாக்டர் என் கணவர் பெனியையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: நுரையீரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது, ஈரத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தால் அது பிறகு ஆறாது. ஆறு வயதுதான் ஆகிறது அவளுக்கு.

"வீட்ல ஈரம் இருக்கா?" என்று கேட்டார். இந்த ஜூன் மாதக் குளிர்காலத்தில், போரிருவா ஊரில் ஈரம் இல்லாத வாடகை வீடு எங்கே இருக்கிறது? பெனி தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்த் துடைத்துப் பிழைக்கிறவள் நான். என் வீட்டைப் பற்றி ஒருத்தர் பேசிவிட முடியாது.

ஜூன் 14, ஞாயிறு
வீட்டுக்காரர் போன் செய்தார். "துணிய உள்ள காயப்போடுறீங்க. ஜன்னலத் திறக்கறதில்ல. வாரம் தவறாம சொந்தக்காரங்க வந்து படுத்துக்கறாங்க. இத்தன பேர் மூச்சு விட்டா சுவர் என்னங்க பண்ணும்?"

மூச்சுக்கும் தனியாக வாடகை கேட்பார் போலிருக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்
ஆஸ்பத்திரியிலிருந்து ஜில் என்ற அம்மாவை அனுப்பியிருந்தார்கள். வீடு வீடாகப் போய் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. வாசலிலேயே காலணியைக் கழற்றினார். அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. மசினா அறையின் தெற்குச் சுவரைத் தடவிப் பார்த்தார். சமையலறை அலுமினியத் தாளைக் கையகலம் வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார்.

"ரெண்டு நாள் விடுங்க. தாளுக்கு முன்னால தண்ணி நின்னா, அது ரூம் காத்துல இருக்கற ஈரம். பின்னால நின்னா, சுவருக்குள்ளேருந்து வருது."

இன்னொரு துண்டை வெட்டிக்கொண்டு, தரையில் கிடந்த மெத்தையைப் பார்த்தார். "இதக் கொஞ்சம் தூக்குவோமா? தரையிலயும் ஒண்ணு ஒட்டணும்."

"தரை நல்லாத்தான் இருக்கு. நேத்துதான் தூக்கித் துடைச்சேன்" என்றேன்.

பொய். மே மாதத்துக்குப் பிறகு அந்த மெத்தையை நான் தூக்கவே இல்லை.

ஜூன் 18, வியாழன்
தாளின் முன்பக்கம்தான் தண்ணீர். வீட்டுக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "நான் அப்பவே சொன்னேன்ல?"

ஜில் சொன்னவை: துணி வெளியே. சமைக்கும்போது பாத்திரத்துக்கு மூடி. காலையும் மாலையும் ஜன்னல் திறக்க வேண்டும். கேஸ் ஹீட்டர் எரியும்போது அதுவே தண்ணீரைக் கக்குமாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்சார ஹீட்டர் வைக்க வேண்டும்.

ஜூன் 27, சனி
மசினா வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவரை மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். ஒரு புள்ளி இல்லை.

ஜூலை 8, புதன்
மறுபடியும் அந்த விசில் சத்தம். மசினாவின் நெஞ்சுக்குள்ளிருந்து.

"எல்லாந்தான் செஞ்சாச்சே. இன்னும் எங்கேருந்துடி வருது?" என்றார் பெனி. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 12, ஞாயிறு
சர்ச் முடிந்ததும் நாத்தனார் செயுங்கா பிடித்துக்கொண்டாள். செப்டம்பரில் கொழுந்தன் லேவிக்குக் குடும்பத் தலைவர் பட்டம் கட்டுகிறோம். "உங்க வீட்லேருந்து எத்தன பாய்?"

"பதினொண்ணு" என்றேன், கழுத்தை நிமிர்த்தி. தாழை ஓலையை நூலாகக் கிழித்து மாதக்கணக்கில் முடைந்த பாய்கள். படுக்க அல்ல, பட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சபையில் கொடுக்க.

எங்கே வைத்திருக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. சமோவாத் தீவுக்காரர்கள் எங்கள் யார் வீட்டிலும் கேட்க வேண்டியதில்லை. மெத்தைக்கு அடியில், மடிப்புக் கலையாமல்.

மே மாதம் விரிப்பு மாற்றும்போது ஒரு வாடை வந்தது. வெயில் வரட்டும், உலர்த்திக்கொள்ளலாம் என்று மெத்தையை இறக்கிவிட்டேன். இதை எழுதவே எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஜூலை 21, செவ்வாய்
காலையில் பள்ளிக்கு நடந்துபோகும்போது மசினா தபால்பெட்டிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். உதட்டோரம் நீலம். ஆஸ்பத்திரி. மருந்துப் புகை. தப்பித்தோம்.

அவளருகே பெனியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மெத்தையைத் தூக்கினேன். மெத்தையின் அடி முழுக்கக் கறுப்பு. பாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அதன் மேலேதானே என் பிள்ளையைப் படுக்க வைத்தேன் — நான்தானே, வேற யாரு?

எல்லாவற்றையும் கார் கொட்டகைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தரையில் தாள் ஒட்டினேன்.

சாயங்காலம் பெனி வந்து பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"மே மாசமே வாடை வந்துது."

"டாக்டர் கேட்டப்ப சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

ஜூலை 23, வியாழன்
தாளின் அடிப்பக்கம் சொட்டச் சொட்டத் தண்ணீர். கீழேயிருந்து வருகிறது.

ஜில் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்விட்டு முழங்கை வரை சேறோடு வந்தார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து, அத்தனை மழையும் வீட்டடி மண்ணில் கொட்டிக்கொண்டிருக்கிறது. "வருஷக்கணக்கா இப்படித்தான் இருந்திருக்கு. நீங்க மூச்சு விட்டதால வந்ததில்ல" என்றார். பிறகு, "அன்னிக்கே தரையில ஒட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஐந்து வாரம். குற்றத்தை வீட்டுக்காரர் தலையில் கட்ட ஆசைப்பட்டவள், ஐந்து வாரம் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்
வீட்டுக்காரருக்கு ஜில் எழுதிய கடிதம் வேலை செய்தது. குழாய் மாற்றியாகிவிட்டது. மண் மேல் கனத்த பாலிதீன் விரித்துவிட்டார்கள். மசினாவுக்குப் புது மெத்தை, கால் வைத்த கட்டில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

ஆகஸ்ட் 8, சனி
பதினொன்றில் எட்டைக் காப்பாற்ற முடியாது. "நாருக்குள்ள இறங்கிடுச்சு. துடைச்சா மேல இருக்கறதுதான் போகும்" என்றார் ஜில். மேலே இருந்த மூன்று மட்டும் வெயிலில் தேறின.

செயுங்கா போனில் கத்தினாள். "குப்பைக் கிடங்குக்கா? பாயையா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சபைக்கு வருவ?"

"இருக்கற மூஞ்சியோடதான்" என்றேன்.

போனை வைத்ததும் அழுதேன். பெனி வேனில் ஏற்றினார். கிடங்கில் நானே இறக்கினேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்
குளிர். மழை. தரைத் தாளில் இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிறது.

செப்டம்பர் 12, சனி
லேவிக்குப் பட்டம் கட்டியாயிற்று. பாய்களை விரித்துக் காட்டி ஒவ்வொரு வீட்டின் பெயரையும் உரக்கச் சொன்னார்கள். பத்து, பன்னிரண்டு என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் நம் பெயர் வந்தது. மூன்று. செயுங்கா என் பக்கம் திரும்பவே இல்லை. முகம் எரிந்தது, இல்லை என்று எழுதமாட்டேன்.

பிறகு கூடத்துக்கு வெளியே, மற்றப் பிள்ளைகளோடு புல்லில் ஓடிக்கொண்டிருந்த மசினா இரைக்க இரைக்க வந்து என் மேல் விழுந்தாள். எல்லாரும் பார்க்க அவள் முதுகில் காதை வைத்தேன். வெறும் ஓட்டத்தின் இரைப்பு. வேறு சத்தம் எதுவும் இல்லை. மறுபக்கம் வைத்தும் கேட்டேன்.

"விடும்மா, நான்தான் இப்ப பிடிக்கணும்" என்று உதறிக்கொண்டு போய்விட்டாள்.