கறுப்பு முதுகு, பொன் முதுகு

மே 11, ஞாயிறு
காலையில் சாரல். பப்படம், வத்தல் வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போகவேண்டும். கொல்லையில் மண்டை போன தென்னையின் பொந்துக்குள் மரங்கொத்திக் குஞ்சுச் சத்தம். பக்கத்து வீட்டு ஆறுமுகம் மதிலுக்கு மேலே தலை நீட்டி, "அண்ணாச்சி, மழ தொடங்கும் முந்தி அந்தத் தெங்க வெட்டணும், கேட்டியளா. எங்க ஓட்டுலயாக்கும் விழும்." குஞ்சு பறக்கட்டும் என்றேன். முனகிக்கொண்டே போனார்.
சரசு கனடாவில், எங்கள் மகள் வீட்டில். பேத்தி பிறந்து ஏழு மாதம். 30ஆம் தேதி சரசுவுக்குத் திரும்பி வர டிக்கெட். அங்கேயும் ஜன்னலுக்கு எதிரே ஒரு மரங்கொத்தியாம். படம் வந்தது.

மே 13
சரசுவுக்கு எழுதி அனுப்பியது:
அங்கே: காக்கை அளவு. கறுப்பு முதுகு, சிவப்புக் கொண்டை. இரைக்குக் குடையும் குழி நீள்சதுரம்.
இங்கே: மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது. பொன் முதுகு. அதே சிவப்புக் கொண்டை. பொந்து வட்டம். கொட்டு பலமில்லை, கத்தல் மட்டும் ஊரைக் கூட்டும்.
இரண்டிலும் நெற்றி சிவக்காதது பெட்டை.
முடிவு: நம்முடையதுதான் அழகு.
அவள் பதில்: "இத நேர்ல பாக்காம எப்பிடிச் சொல்லுதிய?"

மே 16
கல்யாணமான புதிதில் பொன்முடி மலைக்குப் போனோம். வளைவில் பஸ் நின்றுபோனது. எல்லோரும் டிரைவரைத் திட்ட, இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அன்னா பாருங்க." மரத்தில் பொன் முதுகு. அதுவரை நான் அண்ணாந்து பார்த்தது ஃபேனை மட்டும்தான். அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம். இன்னும் தாமதமாக வந்திருக்கலாம்.
இட்லித் தட்டைப் பார்த்தால்கூட அவள் ஞாபகம்.

மே 19
மகள் போனில்: "அப்பா, அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமே. நான் ஜோலிக்குப் போகணும்லா?" பின்னால் பேத்தி அழுகை.
"அதுக்கென்ன மக்களே, இருக்கட்டும்" என்றேன். பெரிய தாராளம்! பிறகு சோறு இறங்கவில்லை. மடையன்.

மே 22
குஞ்சுகள் பறந்துவிட்டன. ஆறுமுகத்திடம் சொல்லவில்லை.
மாலையில் சரசு போன். அங்கே அந்தி சாய்ந்தால் ஆண்தான் கூட்டில் தங்குமாம், பெட்டை வேறு மரத்துக்குப் போய்விடுமாம். "அங்கயும் அப்பிடித்தானா?"
நான் பார்த்தவரை அப்படித்தான் என்றேன். அடுத்து குழித்துறை மாமா, மாவு மில், கரண்ட் கட் எல்லாம் பேசினோம். வைக்கப்போகும்போது வாய் தானாகச் சொன்னது: "சரசு, எனக்கு முடியல. நீ வந்துரு."
அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.
"இத அன்னைக்கே மககிட்ட சொல்லப்பிடாதா? நேத்துத்தானே டிக்கெட்ட நவம்பருக்கு மாத்துனேன்."