பக்கத்து மனை

மஸ்கட்,
4 மே 2024

ஏட்டி சுமைரா,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சபீர் அண்ணனும் பிள்ளை இர்ஷாதாவும் நன்றாக இருக்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். அதனால்தான் மெயில். காலேஜ் லீவில் நீ கோட்டாற்றிலிருந்தும் நான் அஞ்சுகிராமத்திலிருந்தும் எழுதிக்கொண்ட மாதிரி நீளமாகப் பதில் வரவேண்டும்.

வீடு வாங்கிவிட்டோம். அஞ்சுகிராமம் போகிற வழியில் நீலமணி கார்டன்ஸ் என்று ஒரு மதில் கட்டிய காலனி. எங்களுக்கு வில்லா பன்னிரண்டு. ராஜகுமார் போன லீவில் என்னை விட்டுவிட்டுத் தனியாக ஊருக்கு வந்தபோது பார்த்துப் பேசி முடித்துவிட்டார். நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. காலனிக்காரர்கள் அனுப்பிய விளம்பரப் புத்தகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நம்ம ஊரில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கின்றன?

நீ ஸ்டுடியோ வைத்திருப்பவள். ஒரு நாள் கேமராவோடு போய், தெருத் தெருவாகச் சுற்றி, இருப்பதை இருக்கிற மாதிரியே எடுத்து அனுப்பு. எதையும் அழகாக்காதே.

இன்னொன்று. எங்களுக்குப் பக்கத்து மனை காலியாம். நீங்கள் எடுத்தால் எப்படி இருக்கும்! நடுவில் உள்ள சுவரில் ஒரு சின்ன வாசல் வைத்துவிடலாம். உடனே முடியாது என்று சொல்லாதே. சும்மா கேட்டு வை. எனக்காக.

உன்
சபிதா


கோட்டாறு,
12 மே 2024

அன்புள்ள சபிதாவுக்கு,

போய்வந்தேன். படங்கள் இத்துடன் இருக்கின்றன. அழகாக்காதே என்று நீ சொன்னாய். அதற்கு நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை.

முதல் படம் நுழைவாசல். மேலே இரண்டு சிமெண்டுக் குதிரைகள். ஒன்றுக்கு முன்னங்கால் உடைந்து கம்பி தெரிகிறது. அதற்கடுத்து வருவதெல்லாம் தெரு. ஒரே படத்தைப் பத்துத் தடவை அனுப்பிவிட்டேன் என்று நினைக்காதே, அவை வேறு வேறு தெருக்கள். எல்லா வீட்டுக்கும் பிள்ளை கக்கிய பாலின் நிறம். நின்ற தென்னைகளை வெட்டிவிட்டு எங்கிருந்தோ ஈச்சை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வரிசையாக நட்டு, கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம காற்று அவற்றை விடுமா? எல்லாம் ஒரு பக்கமாகக் கூனிக்கொண்டு நிற்கின்றன.

நீச்சல் குளம் பச்சையாக இருப்பது வெளிச்சத்தின் கோளாறு இல்லை. பாசி. மேலே ஷாம்பு உறை மிதக்கிறது. பக்கத்தில் ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று பளிங்குப் பலகை. தவளைகளுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்திருப்பார்கள் போல.

பின்பக்க மதிலில் ஒரு ஓட்டை. அதற்குள் லென்ஸை விட்டு எடுத்த படத்தைச் சாப்பிடும்போது பார்க்காதே. மதிலுக்கு உள்ளே ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பிள்ளைகளின் டயப்பர், அழுகிய சோறு, சாக்கடை நுரை எல்லாம் அந்தப் பக்கத்து வயல் வாய்க்காலில் கிடக்கிறது. நாற்றம் தாங்காமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால்தான் எடுத்தேன்.

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் பெயர் முத்துக்கனி. தெரு பெருக்குகிறவர். நிழலில் நல்ல பெஞ்சு காலியாகக் கிடக்கிறதே என்று கேட்டேன். “அதுல இருந்தா வீட்டுக்காரங்க கம்ப்ளெயிண்டு சொல்லுவாங்க மக்கா. இங்கன இருந்தா வெயிலு மட்டுந்தான்” என்றார். வேலை முடிந்து போகும்போது வாசலில் அவர் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு தூக்குவாளி, ஒரு பழைய சேலை. அதைப் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஒரே ஒரு படம் என்னையும் மீறி அழகாக வந்திருக்கிறது. கடைசித் தெருவில், சாயங்கால மேகமும் தூரத்துக் காற்றாலைகளும் சேர்ந்த படம். அதை நம்பாதே.

இனி பக்கத்து மனை. மேனேஜர் பெனின், முப்பது வயது இருக்கும். சபிதா மேடத்தின் கூட்டுக்காரி, காலேஜில் ஒன்றாகப் படித்தவள் என்று சொன்னதும் அக்கா அக்கா என்று கூடவே வந்தான். “பன்னெண்டுக்குப் பக்கத்துல பதிமூணு காலியாத்தான் கெடக்கு. நல்ல மனை. எடுத்துப் போடுங்கக்கா” என்று அவனே சொன்னான். ஆபீசில் உட்காரவைத்துப் பேனாவை எடுத்தான்.

“பேரு சொல்லுங்க.”

“சுமைரா. சுமைரா சபீர்.”

பேனாவை மூடிவிட்டான்.

“பதிமூணு... புக் ஆயிட்டுதுக்கா.”

“இப்பந்தானே காலின்னு சொன்னிய?”

வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “கோவப்படாதீங்கோ. வீடு வாங்கினவங்க எல்லாரும் மீட்டிங் போட்டு முடிவு பண்ணியிருக்காங்க. உங்க ஆளுகளுக்கு குடுக்கதில்ல. எனக்கு இதுல ஒண்ணும் செய்ய ஒக்காதுக்கா.”

பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு மாம்பழ ஜூஸை நீட்டினான். நான் அதை வாங்கிக் குடித்தேன் ஏட்டி. எழுந்து வராமல், கடைசிச் சொட்டுவரை குடித்து, தேங்க்ஸும் சொன்னேன்.

ராஜகுமார் அண்ணனுக்கு இது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கேட்டு எழுது.

சுமைரா


மஸ்கட்,
27 மே 2024

என் சுமைராவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபமாக இருப்பாய். உன் மெயிலைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெனினை போனிலேயே கிழித்திருப்பேன். ராஜகுமார்தான் தடுத்தார்.

உன்னிடம் மறைக்க முடியாது. அந்த மீட்டிங்கில் இவரும் வீடியோவில் இருந்தாராம். எல்லாரும் கை தூக்கினார்கள், இவரும் தூக்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “நாளைக்கு விக்கும்போ வெல எறங்கக் கூடாதுல்லா? நம்ம சுமைராவ நெனச்சா தூக்குனேன்? அவ நம்ம வீட்டு ஆளு” என்கிறார். அவர் மனதில் வேறு ஒன்றும் கிடையாது. உனக்கே தெரியும்.

காலனியில் வீடு வாங்கினவர்களின் சங்கத் தலைவர் பொன்னுலிங்கம் என்று ஒருவர். அவரிடம் இவர் பேசிவிட்டார். சுமைரா குடும்பம் அந்த மாதிரி இல்லை, படித்தவர்கள், ஒரு தொந்தரவும் இருக்காது என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க யோசிக்கிறார்களாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஒரு சந்தோஷமான விஷயமும் இருக்கிறது. அந்தச் சாயங்காலப் படத்தை எங்கள் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லாரும் கொண்டாடிவிட்டார்கள். விளம்பரத்துக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். வடசேரியில் பெரிய ஃப்ளெக்ஸாக வைத்திருக்கிறார்களாம். உனக்குப் பெருமையாக இருக்கும் என்றுதான் கேட்காமலே கொடுத்தேன்.

ஆவணியில் புது வீட்டுப் பால் காய்ச்சு வைத்திருக்கிறோம். படம் எடுக்க நீதான் வரவேண்டும். வேறு யாரையும் கூப்பிடமாட்டேன்.

முத்தங்களுடன்
சபிதா


கோட்டாறு,
9 ஜூன் 2024

சபிதாவுக்கு,

ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். வடசேரி சிக்னலில் பைக் நின்றபோது நேர் எதிரே இருந்தது. என் மேகம், என் காற்றாலை. அதன்மேல் ‘ஒத்த மனம் கொண்ட குடும்பங்களுக்கு மட்டும்’ என்று மஞ்சள் எழுத்து. நடுவில் உட்கார்ந்திருந்த இர்ஷாதா, “உம்மா, இது நீங்க எடுத்த படம்லா? நாம அங்கயா போகப் போறோம்?” என்று கேட்டாள். சபீர் திரும்பாமலே, “பச்ச விழுந்துட்டு” என்று வண்டியை எடுத்தார். விழவில்லை. குறுக்கே வந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

‘அந்த மாதிரி இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். எந்த மாதிரி? உன் மகன் பிறந்தபோது உன் அம்மாவுக்கு முடியாமல், என் உம்மா வந்து உன் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தார்களே, அவர்கள் எந்த மாதிரி? கோட்டாற்றில் மீதி இருக்கிறவர்கள் எந்த மாதிரி? அவர்களிலிருந்து என்னை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்துத் துடைத்து உள்ளே வைக்க ஒரு பொன்னுலிங்கம் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு நான் பொறுத்திருக்க வேண்டும்.

அந்த மனை எனக்கு வேண்டவே வேண்டாம். அந்தச் சவத்துக் காலனியில் ஓசியில் கொடுத்தாலும் ஒரு பொழுது இருக்கமாட்டேன். நீ ஆசைப்பட்டாய் என்றுதான் கேட்டேன். ஆனால் சபிதா, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான். அதைச் சொல்ல எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை அவர்கள்.

ராஜகுமார் அண்ணன் கை தூக்கினதைக்கூட விட்டுவிடுவேன். ஊரில் எத்தனையோ பேர் கை தூக்குகிறார்கள். ஆனால் அது தெரிந்த பிறகும், கேட்காமல் என் படத்தைக் கொடுத்ததை ‘சந்தோஷமான விஷயம்’ என்று எழுத உன் கைக்கு எப்படி வந்தது?

பால் காய்ச்சுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். அந்தப் படத்தை இறக்கச் சொல். எழுதாதே என்று நான் சொல்லவில்லை. பதில் எதிர்பார்க்காதே.

சுமைரா


வில்லா 12, நீலமணி கார்டன்ஸ்,
22 செப்டம்பர் 2024

சுமைரா,

வந்து சேர்ந்துவிட்டோம். பால் காய்ச்சு நடந்தது. யாரோ ஒரு பையன் படம் எடுத்தான், எல்லாரையும் சிரிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

நீ எடுத்தனுப்பியது ஒன்றும் பொய்யில்லை. இன்னும் கேவலம். மேற்குக் காற்று அடித்தால் அந்த வாய்க்கால் நாற்றம் அடுக்களைவரை வருகிறது. எல்லாரும் ஜன்னலை அடைத்துவிட்டு ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் நாற்றம் நம்முடையது என்றாகிவிடும் அல்லவா.

ஃப்ளெக்ஸை இறக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் நானே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வடசேரி போய் அறுத்து இறக்கினேன். அதற்குச் சங்கத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சங்க மீட்டிங். எழுந்து சொன்னேன். “எங் கூட்டுக்காரிக்கி இங்க மனை கெடையாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கிய. அந்த முடிவ மாத்தணும். யாருக்கும் அப்படிச் சொல்லக் கூடாது.” ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பொன்னுலிங்கம் சிரித்துக்கொண்டே, “நல்லது மேடம், பரிசீலிப்போம். அடுத்தது நாய் விஷயம்” என்றார். மீதி நேரம் முழுவதும் நாய்கள் எங்கே வெளிக்குப் போகலாம் என்று பேசினார்கள். ராஜகுமாரும் அதில் ஒரு யோசனை சொன்னார். எனக்கு அவர் பக்கத்தில் உட்கார அருவருப்பாக இருந்தது. கட்டினவரைப் பற்றி இதை வேறு யாரிடம் எழுதுவேன்?

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். சபீர் அண்ணன் சொன்னாரோ என்னவோ. “அவ ஒரு நிக்காஹ் படம் எடுக்கப் போயிருக்கா. வர நேரமாவும்” என்றார். மாடியில் நீ போனில் ஆல்பக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாய். மணப்பெண் முகமெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, மறுபடி அடித்துத் தா என்று. அது அவர் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இர்ஷாதா ஒரு டம்ளரில் சூடாகத் தேயிலை கொண்டுவந்து வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வாப்பா முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு நீ பேசி முடித்தது கேட்டது. படியில் இறங்கி வருவதும் கேட்டது. நடுப்படியில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. உனக்கும் என் குரல் கேட்டிருக்க வேண்டும், நான் அப்போது சபீர் அண்ணனிடம் மழையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பேச்சை நிறுத்தினேன். நீ கீழே வருவாய் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, செருப்பில்லாத கால், மெதுவாக மேலே ஏறிப் போயிற்று.

தேயிலையை முழுவதும் குடித்துவிட்டு வந்தேன்.

சபிதா