குடல்வால் இருக்க வேண்டிய இடம்

தென்காசி தனி மாவட்டமான வருஷம். கடைக்குக் கடை அதே பேச்சாக இருந்தது; நீ குடல்வால் எடுத்து, வயிற்றில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். இன்று காலை அருவிக்கரையில் எண்ணெய் காய்ச்சியபோது அந்த வாசம் உன்னைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள்.

நாம் இரண்டு பேரும் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவர்கள். எத்தனை வயிறு பார்த்திருப்பேன்! குடல்வால் எடுத்த தழும்பென்றால் வலது இடுப்பெலும்புக்கு மேலே, சரிந்து கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன். உனக்கோ விலாவுக்கு அடியில் கீறியிருந்தது.

"ஏலே, குடல்வால் அங்கன எப்படிலே ஏறும்? ஒன் கிட்னிய உருவிட்டானுவ."

"உருவுதவன் உம்மகிட்ட கேட்டுட்டா உருவுவான், அண்ணாச்சி?" என்று சிரித்தாய். தையல் இழுத்து முகம் சுளித்தாய்.

டாக்டரிடமே கேட்டேன். "தாய் வயித்துல இருக்கும்போது குடல் தொப்புள்கொடிக்குள்ள போயி, சுத்திக்கிட்டே உள்ள திரும்பும், பெரியவரே. பெருங்குடல் தொடங்குற பை முதல்ல ஈரலுக்கு அடியில நிக்கும். அப்புறம் இடுப்புப் பக்கம் இறங்கும். அந்தப் பையிலதான் குடல்வால் இருக்கு. இவருக்குப் பை இறங்கவே இல்ல." ஒழுங்காக இறங்கினவர்களுக்கும் வால் பின்னால் மடங்கியிருக்கும், கீழே தொங்கும், நீளமும் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். கேட்டதற்கெல்லாம் தட்டாமல் பதில் வந்தது. எனக்குச் சந்தேகம் கூடியதே அதனால்தான். பாடம் பண்ணி வைத்தவர்தான் அப்படிப் பேசுவார்.

பிறகு உன் தம்பி சுடலைமுத்துவுக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. ரத்தம் சுத்தம் செய்ய ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போய்விட்டு மேலகரத்தில் பஸ் இறங்கும்போது அவனைத் தாங்க ஆள் வேண்டியிருந்தது. நீ ஒன்று தருகிறேன் என்றாய்.

"இருக்கதே ஒண்ணுதாம்லே. அதையும் குடுத்துட்டு நீ போய்ச் சேரப் போறியா?"

இந்த முறை நீ சிரிக்கவில்லை. "ஒண்ணுதான் இருந்துச்சுன்னா என் தம்பி செத்துருவான், அண்ணாச்சி. வாயக் கழுவும். ஸ்கேன் எடுக்கப் போறேன், நீரும் வாரும்."

வந்தேன். படம் பார்த்த பெண் இரண்டும் இருக்கிறது என்றாள். குடல் பை ஈரலுக்கு அடியில் இருப்பதையும் காட்டினாள். எனக்கு எல்லாம் மழைமேகம் மாதிரிதான் தெரிந்தது.

"யாரு படமோ?" என்றேன்.

"அந்த அருவியே வந்து சொன்னாலும் எந்த ஊருத் தண்ணின்னு கேப்பீரு," என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

கொடுத்தாய். இரண்டு பேரும் எழுந்து நடந்தீர்கள். போன வருஷம் நெஞ்சுவலியில் நீ போனபோது, கிட்னி கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

இன்று உன் தம்பி வந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அருவிப் பக்கம் வந்ததே இல்லை அவன். கூட்டத்தில் குளிக்கக் கூடாதாம்; தோளுக்கு மட்டும் எண்ணெய் கேட்டான். சட்டையைக் கழற்றினான். வலது இடுப்பெலும்புக்கு மேலே, சரிந்து, ஒரு தழும்பு.

"ஒனக்கும் குடல்வாலாலே?"

"அண்ணன் கிட்னி, அண்ணாச்சி. இங்கனதான் வச்சுத் தைக்காங்க. பழசு ரெண்டும் முதுகுப் பக்கம் சும்மா கெடக்கு."

என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான். நான் அழுத்தவில்லை. தோலுக்கு அடியில் மேடாக, உள்ளங்கை நிறைய, வெதுவெதுப்பாக இருந்தது.

டாக்டர் சொன்னதை நம்பவில்லை, படத்தை நம்பவில்லை. என் கையை நான் எப்படி நம்பாமல் இருக்க? உனக்கு இரண்டு இருந்திருக்கிறது. எண்ணெயைத் துடைத்த பிறகும் அந்தச் சூடு கையை விட்டுப் போகவில்லை.

உன் அப்பா அம்மா போயாச்சு, அக்கா போயாச்சு, நீயும் போயாச்சு. உங்கள் வீட்டில் மிச்சம் ஒருத்தன்தான்: சுடலைமுத்து.